கடல் மீனுக்கும் ஏன் குழம்பில் உப்பு போடுகிறோம்? பாலாற்றில் ஏறும் உப்பும் மீனின் உடலும்

வேலூர் பகுதியில் தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பாழானது தொடர்பான வழக்கில், 2025 ஜனவரி 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6 வாரங்களுக்குள் இழப்பீடு தர வேண்டும், அந்தத் தொகையை மாசு செய்தவர்களிடம் அரசு வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு உத்தரவிட்டது.

பாலாறு என்றதும் நிலம், கிணறு, குரோமியம் என்றுதான் பேச்சு போகிறது. அதிகம் பேசப்படாத ஒன்று, சாதாரண உப்பு. கழிவுநீரில் உள்ள குரோமியத்தை வேதிமுறையில் படிய வைத்து எடுத்துவிடலாம். அழுகும் பொருட்களை நுண்ணுயிரிகள் தின்றுவிடும். உப்பு மட்டும் இந்த இரண்டு கட்டத்தையும் தாண்டி, கரைந்தபடியே வெளியே வந்துவிடும். அந்த உப்பின் விளைவை நாள் முழுக்க உடம்பால் அனுபவிக்கும் உயிர், தண்ணீரில் இருக்கும் மீன்தான்.

தண்ணீரில் உப்பு ஏறினாலும் இறங்கினாலும் மீனின் உடலுக்குள் என்ன நடக்கிறது? ஆம்பூர், வாணியம்பாடி ஏரி மீனுக்கும், பாலாறு போய்ச் சேரும் கடலில் உள்ள மீனுக்கும் இதில் என்ன வித்தியாசம்? இது தெரியாமல் ‘ஆறு சரியாகிவிட்டதா’ என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாது.

வழக்கின் கதை சுருக்கமாக

வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. ‘மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்’, ‘ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும்’ என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் முதலில் புரட்டும் வழக்குகளில் ஒன்று. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது.

அந்த உத்தரவின்படி அமைக்கப்பட்ட ஆணையம், 2001 மார்ச் 7-ம் தேதி 29,193 பேருக்கு ரூ.26.82 கோடி இழப்பீடு தர வேண்டும் என்று கணக்கிட்டது. 2009-ல் இன்னொரு உத்தரவும் வந்தது. இவற்றை முழுமையாக நிறைவேற்றச் சொல்லித்தான் 2025-லும் நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது.

ஹெக்டேர், கிணறு, குடும்பம் என்று எண்ணிப் பார்க்கக்கூடியவை இந்தக் கணக்கில் வந்தன. மீன் பெரிதாக வரவில்லை. மீனுக்குப் பட்டா கிடையாது. ஆனால் ஏரிகளில் மீன்பாசி குத்தகை எடுப்பவர்களுக்கும், வலை போட்டுப் பிழைப்பவர்களுக்கும், ஏரி மீனை வாங்கிச் சாப்பிடும் குடும்பங்களுக்கும் அதுவும் வாழ்வாதாரம்தான்.

தோல் ஷெட்டில் இவ்வளவு உப்பு ஏன்?

உரித்த தோலை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும். வெளி மாநிலங்களிலிருந்து ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வந்து சேரும்வரை அது கெடாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் தோலின் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை உப்பைத் தேய்த்து அடுக்குகிறார்கள். உப்பு தோலில் உள்ள நீரை வெளியே இழுக்கிறது. நீர் இல்லாத இடத்தில் பாக்டீரியா வளர முடியாது. கருவாட்டுக்கும் மாங்காய் ஊறுகாய்க்கும் இதே கணக்குதான்.

தோல் தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை, அந்த உப்பைக் கழுவி எடுப்பது. தோலை ஊறப்போட்ட தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சகஜம். வங்கக் கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனால் ஊறல் தொட்டியில் இருப்பது கிட்டத்தட்டக் கடல் நீர். இதோடு பதனிடும்போது சேர்க்கும் சல்பேட் உப்புகள், சுண்ணாம்பை நீக்கப் போடும் அம்மோனியம் உப்புகள் எல்லாம் சேர்கின்றன.

ஒரு கிலோ தோல் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 1996 தீர்ப்பே சொன்னது. நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போனது என்றும் அதில் இருக்கிறது. இந்த அளவைப் பார்த்தால், உப்பு ஓரத்தில் தள்ளிவிடும் சின்ன விஷயம் இல்லை என்பது புரியும்.

கடல் மீன் ஏன் உப்புக் கரிப்பதில்லை?

வேலூர், ஆம்பூர் மீன் கடைகளில் வஞ்சிரமும் சங்கராவும் ஒரு தட்டில், ஏரிக் கட்லா பக்கத்துத் தட்டில் இருக்கும். வாழ்நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்த வஞ்சிரத்தைக் குழம்பு வைத்தாலும் உப்பு போட்டே ஆக வேண்டும். யோசித்துப் பார்த்தால் இது ஆச்சரியமான விஷயம்.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். நம் ரத்தத்தோடு ஒத்துப்போகும் அளவு அது. வஞ்சிரம், கட்லா போன்ற எலும்பு மீன்களின் ரத்தமும் ஏறக்குறைய இந்த அளவைச் சுற்றித்தான் இருக்கிறது. கடல் மீனுக்குக் கொஞ்சம் கூட, நன்னீர் மீனுக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். வெளியே இருக்கும் தண்ணீர்தான் ரொம்ப வேறு. கடலில் லிட்டருக்கு சுமார் 35 கிராம். நல்ல ஏரித் தண்ணீரில் ஒரு கிராமுக்கும் குறைவு.

அதாவது, கடல் மீனைச் சுற்றி இருக்கும் தண்ணீரில் அதன் ரத்தத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் உப்பு. உப்பு தோலிலிருந்து நீரை இழுப்பதுபோலவே, கடல் நீர் மீனின் உடலிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. முக்கியமாகச் செவுள் வழியாக. தண்ணீருக்குள்ளேயே இருந்தாலும் கடல் மீனுக்கு எப்போதும் நீர் வற்றும் ஆபத்து உண்டு.

இதைச் சமாளிக்க அது கடல் நீரைக் குடிக்கிறது. குடல் உப்பையும் நீரையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. கூடுதலாக வந்த சோடியத்தையும் குளோரைடையும் செவுளில் உள்ள தனிவகை செல்கள் வெளியே தள்ளுகின்றன. மெக்னீசியம், சல்பேட் ஆகியவற்றைச் சிறுநீரகம் கொஞ்சமே கொஞ்சம் சிறுநீரில் வெளியேற்றுகிறது. செவுளில் இருக்கும் அந்த ‘குளோரைடு செல்’களை ஆன்சல் கீஸ், எட்வர்ட் வில்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1932-ல் விவரித்தார்கள். அந்த செல்களுக்குள் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப்தான் இந்த ஏற்பாட்டின் மோட்டார். பம்ப் ஓட எரிபொருள் வேண்டும். மீன் தின்ற தீனியில் ஒரு பங்கு அதற்கே போகிறது.

ஏரி மீனுக்கு எல்லாம் தலைகீழ்

கட்லா, ரோகு, கெண்டை, விரால் போன்ற நன்னீர் மீன்களுக்கு வெளியே உப்பு குறைவு, உள்ளே அதிகம். அதனால் தண்ணீர் தானாகவே உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். அவை தண்ணீர் குடிப்பது மிகமிகக் குறைவு. உள்ளே புகுந்த நீரைச் சிறுநீரகம் நிறையச் சிறுநீராக வெளியேற்றுகிறது. அதோடு சேர்ந்து கொஞ்சம் உப்பும் போய்விடுவதால், செவுள் செல்கள் ஏரி நீரிலிருந்து உப்பைப் பொறுக்கி உள்ளே சேர்க்கின்றன.

ஆக, கடல் மீனின் செவுள் உப்பை வெளியே தள்ளும் பம்ப், ஏரி மீனின் செவுள் உப்பை உள்ளே இழுக்கும் பம்ப். உறுப்பு ஒன்றுதான். ஓடும் திசைதான் வேறு.

இங்கே ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஏரி மீனுக்கு உப்பு என்றாலே விஷம் கிடையாது. மீன் குஞ்சுகளை வண்டியில் கொண்டுபோகும்போது தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்பு போடும் வழக்கம் மீன் வளர்ப்பவர்களிடம் உண்டு. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள உப்பு வித்தியாசம் குறைவதால், குஞ்சுகளுக்குப் பம்ப் ஓட்டும் சுமை தற்காலிகமாகக் குறைகிறது. பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்றால், உப்பு ஏறி ஏறி ரத்தத்தின் அளவான 9 கிராமை நெருங்கும்போது. அதைத் தாண்டினால் நீர் ஓடும் திசையே மாறிவிடும். நேற்றுவரை உள்ளே வந்துகொண்டிருந்த நீர் வெளியே போக ஆரம்பிக்கும். ரோகுவாலும் கட்லாவாலும் ராத்திரியோடு ராத்திரியாகக் கடல் மீனாக மாற முடியாது. பம்ப்பைத் திருப்பி ஓட்டும் ஏற்பாடு அவற்றிடம் போதிய அளவில் இல்லை.

உப்பு மாறினால் உடலில் வரிசையாக நடப்பது என்ன?

முதலில் ரத்தம். உப்பு திடீரென்று ஏறினால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் சோடியமும் குளோரைடும் கூடும். தசையிலிருந்து நீர் வற்றும். உப்பு மாற்றத்தைத் தாங்கக்கூடிய மீன்களுக்கே இந்த நெருக்கடி மணிக்கணக்கில் தொடங்கி ஓரிரு நாள் நீடிக்கும்.

அடுத்து ஹார்மோன். மன அழுத்த ஹார்மோனாக நாம் அறிந்த கார்டிசோலுக்கு மீனின் உடலில் இன்னொரு வேலையும் உண்டு. உப்பு நீரைச் சமாளிக்கும் செல்களைச் செவுளில் பெருக்கச் சொல்வது அதுதான். தாய்ப்பாலோடு நாம் சேர்த்துப் பார்க்கும் ப்ரோலாக்டின், மீனில் நன்னீர் வாழ்க்கைக்கான ஹார்மோன். செவுளில் பழைய செல்கள் போய்ப் புதிய செல்கள் வந்து, பம்ப் எதிர்த்திசையில் முழுதாக ஓடப் பல நாட்கள் பிடிக்கும். அதுவரை தண்ணீர் நிலையாக இருந்தால் மீன் தப்பிக்கலாம். இன்று உப்பு, நாளை மழை, நாளை மறுநாள் மறுபடி உப்பு என்றால், கட்டி முடிக்கும் முன்பே இடித்துக் கட்டும் வீடு மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, தீனிக் கணக்கு. உப்புச் சமநிலைக்காக மீன் செலவிடும் ஆற்றல் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மொத்தச் செலவில் 10 சதவீதம் என்பவர்களும் உண்டு, 50 சதவீதம் வரை சொன்னவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் பம்ப்புக்குப் போன ஆற்றல் சதையாக மாறாது. குத்தகைதாரர் போட்ட தீனி அதேதான். பிடிக்கும்போது மீன் மட்டும் சிறுத்திருக்கும்.

நான்காவது, மூச்சு. 25 டிகிரி வெப்பத்தில் நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல் அளவு உப்பிருந்தால் அது 6.8 மில்லிகிராமுக்குக் குறைந்துவிடும். வெயில் ஏற ஏற இன்னும் குறையும். பம்ப் ஓட்ட மீனுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். தண்ணீரிலோ ஆக்சிஜன் குறைகிறது. அதை அள்ளுவதற்காகச் செவுளை அகல விரித்து வேகமாக நீரைத் தள்ளினால், அதே மெல்லிய செவுள் வழியாக உப்பும் நீரும் கூடுதலாகக் கசியும். மூச்சையும் உப்பையும் ஒரே உறுப்பு பார்த்துக்கொள்வதால் வரும் இக்கட்டு இது. போதாததற்கு அம்மோனியாவை வெளியேற்றுவதும் செவுளின் வேலை. கழிவுநீரில் ஏற்கெனவே அம்மோனியா இருந்தால் அதற்கும் தடை வந்துவிடும்.

ஐந்தாவது, இனப்பெருக்கம். கெண்டை இனங்களின் விந்தணுக்கள் உடலுக்குள் அசையாமல் இருக்கும். உப்பு குறைந்த ஏரி நீரில் விழுந்ததும், அந்த உப்பு வித்தியாசத்தையே சைகையாக எடுத்துக்கொண்டு நீந்தத் தொடங்கும். தண்ணீரே உப்பாக இருந்தால் சைகை கிடைக்காது. கருவுற்ற முட்டை நீரை உறிஞ்சி உப்ப வேண்டும். அதுவும் சரியாக நடக்காது. பெரிய மீன் சமாளித்து உயிரோடு இருக்கும் தண்ணீரில் அடுத்த தலைமுறை உருவாகாமலேயே போகலாம்.

‘ஏரியிலதான் மீன் இருக்கே, அப்புறம் என்ன?’

மாசு பற்றிப் பேசினால் அடிக்கடி வரும் பதில் இது. இதற்கு மேலே சொன்ன ஐந்தாவது விஷயத்தில் விடை இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் போன்றவை நம் ஏரிகளில் தானாகப் பெருகுவதில்லை. ஓடும் ஆற்றில் இனப்பெருக்கம் செய்யும் மீன்கள் அவை. பண்ணையிலிருந்து குஞ்சு வாங்கித்தான் ஏரியில் விடுகிறார்கள். ஆண்டுதோறும் குஞ்சு விட்டால் ஆண்டுதோறும் மீன் இருக்கும். அந்த ஏரியே மீனை உருவாக்குகிறதா என்பதைச் சொல்லக்கூடியவை, யாரும் விலை கொடுத்து விடாத சின்னக் கெண்டைகள், கெளுத்தி, உளுவை போன்றவைதான். அவை காணாமல் போனால் ஏலத் தொகையில் உடனே தெரியாது.

இன்னொன்று ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மொசாம்பிக் திலாப்பியா 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏரியிலும் வாழும், கடல் அளவு உப்பிலும் வாழும். உப்பு ஏறிய குட்டையில் மற்ற மீன்கள் ஒதுங்க, இது மட்டும் குட்டி போட்டதுபோலப் பெருகும். வலையில் கிலோ கணக்கு குறையாது. வகைக் கணக்குதான் குறையும். ‘மீன் இருக்கிறது’ என்பதும் ‘தண்ணீர் நன்றாக இருக்கிறது’ என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது.

அப்போ கடல் மீனை இங்கே வளர்த்துவிடலாமா?

உப்பு நீர்தான் இருக்கிறது, உப்பு நீர் மீனை விட்டால் போகிறது என்று தோன்றலாம். கொடுவா, மடவை, பால் மீன் போன்றவை உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவாவைப் பண்ணையிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது. கொடுவா முட்டையிட உப்பு நீர் வேண்டும். வளர்ந்த குஞ்சுகளைப் படிப்படியாக உப்பைக் குறைத்து நன்னீருக்கே பழக்கிவிடலாம். ‘படிப்படியாக’ என்பதுதான் இதில் முக்கியம்.

ஆனால் எல்லா உப்பு நீரும் கடல் நீர் கிடையாது. ஹரியானா, பஞ்சாப், ராஜஸ்தானின் உவர் நிலங்களில் உப்பு நிலத்தடி நீரைக் கொண்டு இறால், மீன் வளர்க்கிறார்கள். ரோத்தக்கில் இதற்கென்றே மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் மையம் ஒன்று இயங்குகிறது. அங்கே முதலில் இடறிய இடம் பொட்டாசியம். மொத்த உப்பு கடலோரக் குளம் அளவுக்கு இருந்தும் பொட்டாசியம் மிகக் குறைவாக இருந்ததால், உயிர்கள் தளர்ந்து செத்தன. செவுளில் ஓடுவது சோடியம்-பொட்டாசியம் பம்ப் அல்லவா? இரண்டில் ஒன்று பற்றாவிட்டால் அது முடங்கும். பொட்டாசியம் உரம் சேர்த்த பிறகுதான் வளர்ப்பு சாத்தியமானது.

தோல் கழிவின் உப்பு சோடியம் குளோரைடும் சல்பேட்டும் மிகுந்தது. கடலில் இருக்கும் விகிதத்தில் மற்ற தாதுக்கள் அதில் கிடையாது. கூடவே குரோமியமும் அம்மோனியாவும் இருக்கலாம். அதில் வளர்ந்த மீனைச் சாப்பிடலாமா என்ற கேள்வி தனி.

ஆறு முடியும் இடத்தில் வேறு சிக்கல்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தொடங்கும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கிறது. ‘ஓடி’ என்பதே பெரும்பாலான மாதங்களில் பேச்சுக்குத்தான். ஆற்றில் நீர் வராதபோது முகத்துவாரத்தில் கடல் நீர் உள்ளே ஏறுகிறது. அதைத் தடுக்கத்தான் வயலூரில் தடுப்பணை கட்டினார்கள்.

2021 நவம்பரில் நடந்ததுபோல் பெருவெள்ளம் வந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். முகத்துவாரத்தில் கடல் நீர் சில மணி நேரத்தில் நன்னீராகிவிடும். அப்போது கடல் மீன் குடிப்பதை நிறுத்த வேண்டும், சிறுநீரைக் கூட்ட வேண்டும், உப்பை வெளியே தள்ளும் பம்ப்பை அணைக்க வேண்டும். மடவை, கொடுவா இதற்குப் பழக்கப்பட்டவை. ஆழ்கடல் பக்கம் வாழும் மீன்களால் முடியாது. நீந்தத் தெரிந்தவை விலகிப் போய்விடும். முட்டைகளுக்கு அந்த வசதி இல்லை. பல கடல் மீன்களின் முட்டைகள் உப்பு நீரின் அடர்த்தியால்தான் மிதக்கின்றன. நீர் நீர்த்துப்போனால் அவை அடியில் மூழ்கும்.

இதே கடற்கரையில் வடக்கே போனால் எதிர்மாறான நிலை. மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. இரண்டும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறன் கொண்டவை. குடிநீரை எடுத்துக்கொண்ட பின் திரும்பக் கடலில் விடும் நீரில், சாதாரணக் கடல் நீரைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் உப்பு இருக்கும். கனமான அந்த நீர் சீக்கிரம் கலக்காவிட்டால் அடித்தளத்தில் படியும். பெரிய மீன் விலகிவிடும். தரையோடு வாழும் உயிர்களும் முட்டைகளும்தான் மாட்டிக்கொள்ளும்.

கடலாக இருந்தாலும் ஏரியாக இருந்தாலும் பொதுவான பாடம் ஒன்றுதான். எவ்வளவு உப்பு என்பதோடு, எவ்வளவு வேகமாக மாறியது, என்ன உப்பு, மீன் வாழ்வின் எந்தக் கட்டத்தில் மாறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2,100 என்ற எண் சொல்லாதது

சுத்திகரித்த கழிவுநீரை வெளியே விட, கரைந்த மொத்த உப்புகளுக்கு, அதாவது டிடிஎஸ்-க்கு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பைத்தான் தமிழ்நாட்டில் பின்பற்றுகிறார்கள். கிராமில் சொன்னால் 2.1. ஒரு கெண்டை இதைத் தாங்கிவிடும். அதனால் வரம்பே போதும் என்று வாதிடலாம்.

ஆனால் அது குழாய் வாயில் அளக்கும் எண். வெளியே விடும் நீர் ஓடும் ஆற்றில் கலந்து நீர்த்துவிடும் என்பது அதன் பின்னால் உள்ள எதிர்பார்ப்பு. பாலாற்றில் கலப்பதற்குத்தான் தண்ணீர் இல்லையே. மணல் அள்ளிய பள்ளங்களிலும் ஏரிகளிலும் தேங்கும் நீர் வெயிலில் வற்றும்போது உப்பு வற்றாது. நீர் பாதியானால் 2.1 கிராம் 4.2 ஆகும். முக்கால்வாசி வற்றினால் 8.4. மீனின் ரத்த அளவை அது தொட்டுவிட்டது. யாரும் வரம்பு மீறாமலேயே ஒரு கோடையில் இது நடக்கலாம்.

அப்புறம் மழை. சேர்த்து வைத்த கழிவை மழை நாளில் திறந்துவிடுகிறார்கள் என்பது பாலாற்றங்கரை ஊர்களில் பல ஆண்டுகளாக எழும் புகார். அப்படி விடும்போது சராசரிக் கணக்கில் உப்பு குறைவாகத்தான் தெரியும். மீனுக்கு அது சில மணி நேர அதிர்ச்சி. மாதம் ஒருமுறை பாட்டிலில் பிடிக்கும் மாதிரியில் அந்த சில மணி நேரம் சிக்காது.

என்ன செய்யலாம்?

உப்பை எளிதாக எடுக்கக்கூடிய இடம் முதல் படிதான். தோலை ஊறப்போடும் முன் மரச்சட்டத்தில் தட்டி உதறி உப்பைப் பிரிப்பது, ஊறல் நீரை மற்ற கழிவோடு கலக்காமல் தனியே வெயிலில் காய வைப்பது ஆகிய முறைகள் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. குறைந்த உப்பில் தோலைப் பதப்படுத்தும் முறைகளைச் சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறது.

கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் ஆர்ஓ மூலம் வடிகட்டி மறுபடி பயன்படுத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. இங்கேயும் உப்பு மறைந்துவிடுவதில்லை. கடைசியில் கலப்பு உப்பாகக் குவிகிறது. சமையலுக்கும் ஆகாது, வாங்கவும் ஆள் குறைவு. அதை நனையாமல் பாதுகாக்க வேண்டும். நனைந்தால் போகும் இடம் மறுபடி ஆறுதான். ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31-ம் தேதி சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்ததை இங்கு யாரும் மறக்கவில்லை. கழிவைச் சேர்த்து வைப்பதும் ஒரு ஆபத்து என்பதற்கு அது சாட்சி.

அளப்பதிலும் மாற்றம் வேண்டும். நீரின் மின்கடத்தும் திறனை வைத்து உப்பின் அளவை நாள் முழுக்கப் பதிவு செய்யும் கருவிகள் இன்று சாதாரணமாகக் கிடைக்கின்றன. எண் எவ்வளவு என்பதோடு, எத்தனை மணிக்கு எகிறியது என்பதையும் அவை காட்டும். சோடியம், பொட்டாசியம், சல்பேட், அம்மோனியா ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஏரிகளில் பிடிபடும் மீனின் எடையோடு வகையையும், குஞ்சு விடாத மீன்களில் அந்த ஆண்டின் சின்ன மீன்கள் இருக்கின்றனவா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. வலை இழுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே தெரியும்.

இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தோல், ஷூ வேலையை நம்பி இருக்கின்றன. தொழிற்சாலையை மூடுவதா, ஆற்றை விடுவதா என்று இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்வது எளிது, நியாயமில்லை. உப்புக்கு யார் பொறுப்பு, அதை எந்தப் படியில் நிறுத்துவது, அதற்கான செலவை யார் ஏற்பது என்பதுதான் பேச வேண்டிய விஷயம். செலவை யார் ஏற்க வேண்டும் என்பதற்கு 1996-லேயே நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது.

இனிமேல் பாலாறு பற்றி ‘நிலைமை மேம்பட்டுள்ளது’ என்று ஓர் அறிக்கை வந்தால், வாசகர் மூன்று விஷயங்களைத் தேடிப் பார்க்கலாம். உப்பை எந்த மாதத்தில், எத்தனை முறை அளந்தார்கள்? மொத்த டிடிஎஸ் மட்டும்தானா, எந்த உப்பு என்றும் பிரித்திருக்கிறார்களா? ஏரியில் ஜிலேபிக் கெண்டையைத் தவிர வேறு என்ன மீன் தானாகப் பெருகுகிறது? மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் இருந்தால், முதல் இரண்டையும் ஓரளவு நம்பலாம்.